பாட்டிலுக்குள் என்ன போடலாம்?

ஜன்னல் கண்ணாடி வழியே தெருவில் போகிறவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதே கண்ணாடியை உடைத்து, இடித்து, பொடியாக்கினால் கிடைப்பது வெள்ளை மாவு. அதன் வழியே எதுவும் தெரிவதில்லை. இடையில் யாரும் சாயம் கலக்கவில்லை, அமிலம் ஊற்றவில்லை, சூடேற்றவில்லை. கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கிறது. அப்படியானால் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது?

காலி பாட்டிலுக்குள் சீரியல் லைட்டை விட்டு விளக்குச் செய்கிறவர்கள் இதே கேள்வியில் வேறு பக்கமாக வந்து முட்டிக்கொள்கிறார்கள். வெறும் பாட்டிலில் ஒயரும் பல்புமாகத் தெரிந்து அசிங்கமாக இருக்கிறது. எதையாவது போட்டு நிரப்பத் தோன்றுகிறது. கோலிக்குண்டு போட்டால் பாட்டில் அடிமுதல் கழுத்துவரை மின்னுகிறது. மணல் போட்டால் விளக்கே காணாமல் போகிறது. இத்தனைக்கும் இரண்டும் உறவுக்காரர்கள்: மணலைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் உருக்கினால்தான் கண்ணாடி. எதைப் போடுவது என்பது ரசனையைப் பொறுத்தது என்று நினைத்துத் தொடங்கியவருக்கு, அதில் பாதி இயற்பியல் என்று தெரிவது இந்த இடத்தில்தான்.

காற்றில் வரும் ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது ஒரு சிறு பங்கு உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம். மறுபுறம் காற்றுக்குள் வெளியேறும்போது மேலும் 4 சதவீதம் திரும்புகிறது. இந்தத் திருப்பம் முழுக்கக் கண்ணாடியும் காற்றும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் நடக்கிறது. ஜன்னலுக்கு இரண்டே எல்லைகள். அதனால் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நம்மை வந்தடைகிறது. பொடிக்கு எல்லைகள் கணக்கில் அடங்கா.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். முக்கால் லிட்டர் ஒயின் பாட்டிலின் குறுக்களவு சுமார் ஏழரை சென்டிமீட்டர். அதற்குள் 16 மில்லிமீட்டர் கோலிகளைப் போட்டால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் ஒளி நான்கைந்து கோலிகளைக் கடக்கிறது. அதாவது பத்து எல்லைகள். ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் போனாலும் மூன்றில் இரண்டு பங்கு ஒளி தப்பிவிடும். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் என்றால் வழியில் நூற்றைம்பது மணிகளுக்கு மேல், எல்லைகள் முந்நூறுக்கு மேல். நேர்க்கோட்டில் மறுபுறம் வந்து சேரும் ஒளி லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒளி அழிந்துவிடவில்லை. எல்லைக்கு எல்லை திசைமாறி, அலைந்து திரிந்து, புறப்பட்ட பக்கமே திரும்பிவிடுகிறது. எல்லா நிறமும் ஒரே மாதிரி அலைவதால் திரும்பி வரும் ஒளி வெண்மையாக இருக்கிறது. கண்ணாடித்தூள், சர்க்கரை, உப்பு, பனி, சோப்பு நுரை எல்லாம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் எதற்கும் வெள்ளை நிறம் கிடையாது.

ஆகவே பாட்டிலுக்குள் நாம் போடுவது எல்லைகளை. பெரிய பெரிய துண்டுகள் என்றால் எல்லைகள் குறைவு: ஒளி ஊடுருவும், வளைந்த பரப்புகளில் குவிந்து பொட்டுப் பொட்டாக மின்னும். சின்னத் துகள்கள் என்றால் ஒளி பரவி மழுங்கும். மணலில்தான் விளக்கு வேண்டும் என்றால் ஒயரை நடுவில் புதைக்கக்கூடாது. அகன்ற வாய் ஜாடியாக எடுத்து, ஒயரைக் கண்ணாடிச் சுவரை ஒட்டிச் சுற்றிவிட்டு, நடுவில் மணலைக் கொட்டினால் ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் ஒரு மெல்லிய ஒளிவட்டம் விழும். அதுவும் ஓர் அழகு.

கோலிக்குண்டுக்கு வருவோம். முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு எத்தனை கோலி பிடிக்கும்? கடைக்குப் போகும்முன் எல்லோருக்கும் வரும் இந்தச் சந்தேகம், கணிதவியலாளர்களை நானூறு ஆண்டு அலைக்கழித்த சந்தேகத்தின் தம்பி. ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்று 1611-ல் யோகான்னஸ் கெப்ளர் யோசித்தார். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கும் விதமே உச்சம், இடத்தில் 74 சதவீதம் நிரம்பும், அதற்கு மேல் முடியாது என்றார். நிரூபிக்கவில்லை. 1998-ல் தாமஸ் ஹேல்ஸ் கணினி உதவியோடு நிரூபணம் தந்தார். சரிபார்த்த அறிஞர்களால் நூற்றுக்கு நூறு உறுதி சொல்ல முடியவில்லை. எனவே ஒவ்வொரு படியையும் கணினியே சோதிக்கும்படி எழுதி 2014-ல் மறுபடி முடித்தார்.

பாட்டிலில் யாரும் ஆரஞ்சு அடுக்குவதில்லை, கொட்டுகிறோம். கொட்டிக் குலுக்கினால் உருண்டைகள் 64 சதவீதத்தோடு நின்றுவிடும். சுவரோரம் இடைவெளி அதிகம் விழுவதால் ஒடுங்கிய பாட்டிலில் இன்னும் குறையும். ஆக, 190 முதல் 220 கோலிவரை எதிர்பார்க்கலாம். எடை ஒரு கிலோவைத் தாண்டும். பாட்டிலின் தலையில் ஹோல்டர் பொருத்தி, ஷேடு வைத்து மேஜை விளக்காக்குகிறவர்களுக்கு இந்த எடை ஒரு வரம். அடிப்பாகம் கனத்தால் விளக்கு சாயாது. விசித்திரம் என்னவென்றால், உருண்டையைக் கொஞ்சம் நசுக்கிவிட்டால் கொட்டும்போதே இன்னும் நெருக்கமாக அடையும். எம் அண்ட் எம் மிட்டாய்களை வைத்து இதை அமெரிக்க இயற்பியலாளர்கள் 2004-ல் காட்டினார்கள்: 68 சதவீதத்துக்கும் மேல். கூழாங்கல்லில் தட்டையானவை ஏன் கனமாக நிரம்புகின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

ஒயின் பாட்டில் கழுத்தின் உள்விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் கோலி ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் போகும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து உருட்டிவிடுங்கள். நிமிர்த்தி வைத்துப் போட்டால் முதல் கோலியே அடியை விரிசல் விடச் செய்யலாம். (கோலி சோடா பாட்டிலுக்கு இந்தச் சிரமமே இல்லை. 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அது கோலியோடுதான் வருகிறது.)

கோலி நிரப்பிய பாட்டிலில் தண்ணீரும் ஊற்றினால் இன்னும் பளபளக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எல்லையில் எவ்வளவு ஒளி திரும்பும் என்பது இரு பக்கத்துப் பொருட்களின் ஒளிவிலகல் எண் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்ததும் 4 சதவீதம் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கோலிகள் மங்கி, ஓரங்கள் கரைந்து, பாதி மறைந்துபோகின்றன. தண்ணீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றினால், அதன் எண் 1.47, கிட்டத்தட்ட முழுதாக மறைந்துவிடும். ஆய்வகங்களில் பயன்படும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக்கும் எண் 1.47 என்பதால் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கிளிசரினுக்குள் விட்டால் கண்ணெதிரே காணாமல் போகும்.

இதில் ஒரு படி மேலே போனவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியான் கிறிஸ்டியான்சென். 1884-ல் அவர் நிறமற்ற கண்ணாடித்தூளை நிறமற்ற திரவத்தில் போட்டுப் பார்த்தபோது பாட்டில் நிறம் காட்டியது. ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் சற்றே மாறும். கண்ணாடியில் ஒரு விதமாக, திரவத்தில் வேறு விதமாக. ஏதோ ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் இரண்டின் எண்ணும் ஒன்றாகிவிடுகிறது. அந்த நிறத்தின் கண்ணுக்குப் பாட்டிலில் தூளே இல்லை, நேராகப் போய்விடுகிறது. மற்ற நிறங்கள் எல்லைகளில் அடிபட்டுச் சிதறுகின்றன. பாட்டிலைச் சூடாக்கினால் திரவத்தின் எண் குறைந்து, கடந்துவரும் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சள், பச்சை வழியாக நீலம் நோக்கி நகரும். சாயமே இல்லாமல் நிறம் மாறும் விளக்கு! ஆனால் அவர் பயன்படுத்தியவை பென்சீனும் கார்பன் டைசல்ஃபைடும். ஒன்று புற்றுநோய் தரும், மற்றொன்று சட்டெனத் தீப்பிடிக்கும். வரவேற்பறைக்கு ஆகாது.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகளும் இதே மாயத்தைத்தான் செய்கின்றன. பூ ஜாடிக்காக விற்கும் அந்த உருண்டைகள் தம் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடிக்கின்றன. குடித்தபின் தண்ணீரோடு எண் ஒத்துப்போய், ஜாடியில் மறைகின்றன. பார்க்க அழகுதான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தை இறந்ததையடுத்து 2023-ல் விற்ற சரக்கையே திரும்பப் பெற்றார்கள்.

பாட்டிலுக்குள் போடக்கூடியவற்றில் உலகத்துக்கு அதிகம் உபயோகப்பட்டது வெறும் தண்ணீர். பிரேசிலின் உபெராபா நகரில் மெக்கானிக்காக இருந்த ஆல்ஃப்ரெடோ மோசர், 2002-ல் மின்வெட்டுக் காலத்தில், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச்சும் ஊற்றி, கூரையில் துளை போட்டுப் பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி பொருத்தினார். துளை மட்டும் இருந்தால் வெயில் தரையில் ஒரு வட்டமாக விழும். தண்ணீர் அந்த ஒளியை வளைத்து அறை முழுக்கச் சிதறவிடுகிறது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம். மின்சாரமே இல்லாத விளக்கு. பிலிப்பைன்ஸின் தகரக் கூரை வீடுகளுக்கு இதை இயக்கமாகவே கொண்டுபோனார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டில் பச்சை என்றால் அது இரும்பின் வேலை; ஆழ்நீலம் என்றால் கோபால்ட்; பழுப்பு என்றால் இரும்போடு கந்தகம். பச்சைக் கண்ணாடி சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆசையாகச் சேர்த்த சிவப்பு மணிகளைப் பச்சை பாட்டிலில் போட்டால் கருகல் நிறமாகத் தெரிவது அதனால்தான். விளக்கிலும் கவனம் தேவை. வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு. இந்த வெள்ளையில், குறிப்பாகக் குளிர்ந்த வெள்ளையில், சிவப்பு குறைவு. சிவப்பு, மஞ்சள் சரக்குக்கு வார்ம் ஒயிட் சீரியல் லைட் வாங்குங்கள்.

மணலை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கன்னியாகுமரிக்குப் போனவர்கள் பல நிற மணல் பொட்டலங்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கரையில் கறுப்பு இல்மனைட்டும், சிவப்புக் கார்னெட்டும், சிர்க்கானும், ரூட்டைலும், மோனசைட்டும் கலந்து கிடக்கின்றன. கார்னெட்டின் ஒளிவிலகல் எண் 1.8 அளவு, எல்லையில் திரும்பும் ஒளி கண்ணாடியைவிட இரண்டு மடங்கு. ரூட்டைல் 2.6-ஐத் தாண்டும், வைரத்தைவிட அதிகம். ரூட்டைல் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதைச் சுத்தமாக, மிக நுண்ணிய பொடியாக்கினால் எல்லைக்கு எல்லை ஐந்தில் ஒரு பங்கு ஒளி திரும்பி, கண்ணைப் பறிக்கும் வெண்மை கிடைக்கிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருப்பது இதுவே. அதைத் தயாரிக்கும் மூலப்பொருள்களில் முக்கியமானது, அந்தக் கன்னங்கரேலென்ற இல்மனைட் மணல்!

இன்னொரு கதை மோனசைட்டுக்கு. 1909-ல், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. ஐரோப்பாவுக்கு மோனசைட் அவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம் விளக்கு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கார்ல் அவுவெர் என்ற ஆஸ்திரியர் 1891-ல் பருத்தி வலையைத் தோரியம் உப்பில் நனைத்து, சிறிதளவு சீரியமும் சேர்த்து, எரித்தார். பருத்தி சாம்பலாகி, வலை வடிவத்தில் ஆக்சைடு மட்டும் எஞ்சியது. எரிவாயுச் சுடரில் அது பளீரென்று வெண்மையாக ஒளிர்ந்தது. தெருவிளக்கிலும், பிறகு நம் ஊர்க் கல்யாண வீடுகளுக்கு வந்த பெட்ரோமாக்ஸிலும் இருந்த மேன்டில் அதுவே. மின்சாரம் வருவதற்கு முன் உலகின் பல ஊர்களுக்கு இரவு வெளிச்சம் தந்ததில் குமரிக் கடற்கரைக்கும் பங்குண்டு.

தோரியம் கதிரியக்கம் உள்ளது. மோனசைட் கலந்திருக்கக்கூடிய கரை மணலை அள்ளிவந்து அலமாரியில் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் வெள்ளை குவார்ட்ஸ் மணல் போதும்.

மணலை அடுக்கடுக்காக நிறம் பிரித்துப் போடுகிறவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான மெக்கிரிகரில் வாழ்ந்த ஆண்ட்ரூ கிளெமென்ஸ் (1857–1894). சிறு வயதில் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். அருகிலிருந்த பாறைகளில் இயற்கையாகக் கிடைத்த நிற மணலை எடுத்து, மருந்துக் கடைப் பாட்டில்களுக்குள் நீராவிக் கப்பலும் கொடியும் பூக்களும் வரைந்தார். பசை கிடையாது. மணல்மேல் மணல், அவ்வளவுதான். பல பாட்டில்களைத் தலைகீழாக வைத்தே செய்தார். அவை இன்றும் கலையாமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கலையாததன் ரகசியத்தை அவர் காலத்திலேயே, 1885-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். நெருக்கமாக அடைந்த மணிகள் இடம் மாற வேண்டுமானால், கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒருவர் நகர மற்றவர் ஒதுங்குவதுபோல், முதலில் கொஞ்சம் விரிய வேண்டும். விரிய இடமே கொடுக்காவிட்டால் நகர முடியாது. பாட்டிலைத் தட்டித் தட்டி, வாய்வரை நிரப்பி, மூடியால் அழுத்திவிட்டால் அடுக்குகள் கட்டுண்டு கிடக்கும். விரலளவு இடம் விட்டீர்களோ, தொலைந்தது. ஒவ்வொரு அசைவிலும் சின்ன மணிகள் பெரியவற்றின் அடியில் நுழைய, பெரியவை மேலே மிதந்துவரும். சிப்பியைக் கீழே வைத்து மணலைப் போட்டவர் நாளடைவில் சிப்பியை மேலே பார்ப்பார்.

உப்பு வேண்டாம். கல் உப்பு விளக்கொளியில் மின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியத் தொடங்கும்; மெக்னீசியம் கலந்த கடலுப்பு அதற்கு வெகு முன்பே கசியும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த ஈரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டிலுக்குள் செப்பு ஒயர் பச்சை பூத்துவிடும்.

விதைகளில் மஞ்சாடி நல்ல சரக்கு. ஆண்டுக்கணக்கில் நிறம் மங்காது, காய்ந்திருந்தால் பூச்சியும் வராது. அதைப்போலவே சிவந்து, ஒரு முனையில் மட்டும் கறுத்த குன்றிமணியை எடுக்காதீர்கள். அதனுள் இருக்கும் ஆப்ரின் கொடிய நஞ்சு. ஓடு உடைந்த விதையை மென்று விழுங்கினால் ஒன்றிரண்டே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. காய்ந்த பூ, பஞ்சு, காகிதச் சுருள் போடுகிறவர்கள் பழைய குண்டு பல்பு சீரியல் செட்டை உள்ளே விடவே கூடாது. குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகத்தான் போகிறது. பேட்டரியில் எரியும் எல்இடி போதும், பேட்டரிப் பெட்டி பாட்டிலுக்கு வெளியே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட உடைந்த கண்ணாடி வளையலுக்கே என் ஓட்டு. துண்டுகள் பெரியவை, ஆகவே ஒளி உள்ளே போகும். வளைந்தவை, ஆகவே நெருங்கி அடையாமல் இடைவெளி விடும். நிறம் கண்ணாடிக்குள்ளேயே கலந்திருப்பதால் வெளுக்காது. நிறமற்ற பாட்டில், வார்ம் ஒயிட் விளக்கு, சிவப்பும் பச்சையுமாகக் கலந்து இரண்டு கைப்பிடித் துண்டு, மீதிக்கு நிறமற்ற கோலி. கையுறை போட்டுக்கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். துண்டுகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பக்கத்து வளையல் கடையில் கேட்டுப் பாருங்கள், உடைந்ததை அவர்கள் குப்பையில்தான் கொட்டுகிறார்கள்.